மெக்ரிட்சியில் மாலை ஓட்டம்: கேளுங்கள், சொல்கிறேன்

பல வருடங்களாக வாரத்தில் இரண்டு மாலை சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுப்பாதையில் ஓடுகிறேன். நான் பந்தயக்காரன் இல்லை. வேலை முடிந்து வந்து, ஒரு மணி நேரம் மண்ணில் நிதானமாக ஓடிவிட்டு, இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுவது எப்படி என்று மட்டும் நன்றாகத் தெரியும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ரோட்டில் 5 கிலோமீட்டரை 32 நிமிடத்தில் ஓடுவேன். காட்டுப்பாதையில் என்ன வேகம் வைக்கலாம்? (தோ பாயோ)

வேகத்தை மறந்துவிடுங்கள் அண்ணா, இங்கே அது உதவாது. ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் எடுப்பவருக்கு இந்த வேர், கல், ஏற்றம் எல்லாம் சேர்ந்து ஏழரை, எட்டு நிமிடம்கூட ஆகும், ஆனாலும் உடம்புக்கு வேலை அதே அளவுதான். பக்கத்தில் ஓடுபவரிடம் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை மூச்சு வாங்காமல் முழுசாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் கூடிவிட்டது. ஏற்றம் வந்தால் நடங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, நான் இன்றைக்கும் நடக்கிறேன். புதிதாக வருபவர்களில் நிறைய பேர் ஒவ்வொரு மாலையும் பாதி மூச்சு முட்டும் வேகத்திலேயே ஓடி, ஒரு மாதத்தில் முழங்கால் வலி என்று நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் உண்மையாகவே வருத்தம். ஈஸி ரன் ஈஸியாகவே இருக்கட்டும்.

வேலை முடியவே ஆறு மணி, வந்து சேர 6.40 ஆகிவிடும். ஒரு சின்னச் சுற்று போகலாமா? (உட்லண்ட்ஸ்)

வேண்டாம் அக்கா. இயற்கை வனப்பகுதியின் பாதைகள் காலை 7 முதல் மாலை 7 வரைதான். சிங்கப்பூரில் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது, நவம்பர் தொடக்கத்தில் சுமார் 6.45, பிப்ரவரியில் 7.20 வாக்கில். ஆனால் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் அதற்கு இருபது நிமிடம் முன்பே போய்விடும், இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நவம்பர் மாலை, வானம் இன்னும் வெளுப்பாகத்தானே இருக்கிறது என்று நம்பி உள்ளே தங்கிவிட்டேன். திரும்பும்போது காலுக்குக் கீழே வேர் எது, நிழல் எது என்று தெரியவில்லை. கைப்பேசியில் 8 சதவீதம் சார்ஜ். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரை நடந்தே வந்தேன், பயமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்: 5.30க்குள் உள்ளே நுழைய முடியாவிட்டால் அன்றைக்குக் காடு கிடையாது.

வார நாளில் உங்களுக்கு பீஷான் - அங் மோ கியோ பூங்கா நல்லது. விளக்கு இருக்கிறது, காங்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை வளைந்து ஓட விட்டிருக்கிறார்கள், ஓரத்துப் புல்லில் ஓடினால் காலுக்கும் இதம். காட்டுக்கு சனி, ஞாயிறு வாருங்கள்.

முதல் தடவை வருகிறேன். முழு லூப்பையும் ஓடிவிடவா? (பிடோக்)

முழுச் சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பாதி வழியில் கால் வலித்தால், முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம், அதுதான் சிக்கல். முதல் நாளுக்கு லோர்னி ரோடு பக்கத்துப் பாதை போதும். அகலமானது, குழப்பம் குறைவு. கடிகாரத்தில் 20 நிமிடம் வைத்துக்கொண்டு போங்கள், மணி அடித்ததும் எங்கே இருந்தாலும் திரும்புங்கள். மரமேல் நடைபாதைக்குப் போகலாமா என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். 2004இல் திறந்த அந்த 250 மீட்டர் தொங்கு பாலம் ரொம்ப அழகு, ஆனால் குறுகலானது, ஒருவழிதான், மாலை 5 மணிக்கே மூடிவிடுவார்கள். அதை ஒரு காலையில் நடந்து பாருங்கள், ஓடுவதற்கான இடம் அது இல்லை.

குரங்குகள் துரத்துமா? (ஈசூன்)

சும்மா துரத்தாது. பிளாஸ்டிக் பை சரசரவென்று கேட்டால் சாப்பாடு என்று நினைத்து வரும், அதனால் கையில் பையோ வாழைப்பழமோ வேண்டாம், எல்லாம் இடுப்புப் பைக்குள். பாதையில் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தி, கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல் தெரியச் சிரிக்காமல் மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். பல்லைக் காட்டுவது அதற்கு மிரட்டல் மாதிரி. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகக்கூடாது, காட்டுப்பன்றிக்கும் இதேதான். தீனி போடுவது சட்டப்படி குற்றம், அதோடு நாம் போடுகிற ஒரு பிஸ்கட்டால்தான் அவை அடுத்து வருபவரிடம் பிடுங்கப் பழகுகின்றன.

ட்ரெயில் ஷூ (காட்டுப்பாதைக்கான காலணி) வாங்கியே ஆக வேண்டுமா? (ஜூரோங்)

காய்ந்த நாளில் சாதாரண ஓட்டக் காலணியே போதும். மழைக்குப் பிறகு மரப்பலகைப் பாதையில் எந்தக் காலணியும் வழுக்கும், அங்கே நடங்கள்.

இடி இடித்தால் என்ன செய்வது? (செங்காங்)

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இங்கே பிற்பகலிலும் மாலையிலும் இடிமழை சட்டென்று கட்டும், உலகத்திலேயே மின்னல் அதிகமான இடங்களில் நம் ஊரும் ஒன்று. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 நொடி ஆகும், 30 எண்ணுவதற்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஓட்டம் அத்தோடு முடிந்தது. தனியாக நிற்கும் உயர்ந்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள், தண்ணீர் ஓரத்தை விட்டு விலகுங்கள், கட்டடம் எது பக்கமோ அங்கே போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். கிளம்பும் முன்பே வானிலைச் செயலியைப் பார்த்து, மேகம் கட்டியிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுவது இன்னும் நல்லது.

எனக்கு 54 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். மாலையில் ஓடலாமா? (அங் மோ கியோ)

முதலில் உங்கள் டாக்டரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள் அண்ணா, மாத்திரைப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். எல்லா மாத்திரையும் ஒன்று இல்லை, இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் ஓட்டத்தோடு சேர்ந்தால் சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடும், மாலையில் ஓடினால் அந்த இறக்கம் ராத்திரித் தூக்கத்தில்கூட வரலாம். அவர் சரி என்றால் வேக நடையில் ஆரம்பியுங்கள். பையில் குளுக்கோஸ் மிட்டாய், கூடவே ஒரு ஆள். நடுக்கம், திடீர் வியர்வை, தலை லேசாவது என்று எது வந்தாலும் நின்று இனிப்பைச் சாப்பிடுங்கள், வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கணுக்கால் பிசகிவிட்டது. ஓடியே சரி பண்ணலாம் என்கிறார்கள் நண்பர்கள். (கல்லூரி மாணவர்)

அவர்கள் பேச்சைக் கேட்காதே தம்பி. ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார். இல்லையென்றால் ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வை. வலி போன பிறகு ஒற்றைக்காலில் நின்று பழகு, பல் தேய்க்கும்போதே நிற்கலாம். அப்புறம் ஓடும்போது காலடியைப் பார்க்காமல் நாலடி முன்னால் பார், எட்டுகளைச் சின்னதாக வை.

ராத்திரியிலும் திறந்து வைத்தால்தான் என்ன? தலைவிளக்கோடு ஓடுவோமே. (பொங்கோல்)

ஆசை புரிகிறது. ஆனால் இந்தக் காடு மிஞ்சியதே தண்ணீருக்காகத்தான். 1868இல் கட்டி முடித்த நம் முதல் நீர்த்தேக்கம் இது, மெக்ரிட்சி என்ற பெயர் 1922இல்தான் வந்தது. அதற்கு வடியும் மழைநீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சுற்றியுள்ள மரங்களை விட்டு வைத்தார்கள். அந்த மரங்களை நம்பித்தான் எறும்பு தின்னும் அழுங்கும், மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லும் பறக்கும் லெமூரும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டும் இருட்டிய பிறகு இரை தேடுபவை. பகல் முழுக்க நாம் எடுத்துக்கொள்கிறோம், ராத்திரியையாவது அவற்றுக்கு விடுவோம்.

தனியாக ஓடும்போது காதில் பாட்டு போடலாமா? (கிளமெண்டி, இன்னும் மூன்று பெண்கள்)

நான் போடுவதில்லை, உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். பின்னால் வருபவர், விழும் கிளை, தூரத்து இடி எல்லாம் காதில்தான் முதலில் தெரியும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டுக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு நுழையுங்கள். அப்புறம் ஒன்று, பொழுது சாயும்போது சில்வண்டுச் சத்தம் ஒரேயடியாக ஏறும், பாட்டு ஓடினால் அது கேட்காது. எனக்கு அதுதான் கடிகாரம். அது ஆரம்பிக்கும்போது நுழைவாயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும்.