எந்த இடத்துக்கு எந்த டியூப்? ஏர் லைன், டோசிங் லைன் கேள்வி-பதில்

இறக்குமதி மெஷினில் 6 மி.மீ. பியூ (பாலியூரித்தேன்) டியூப் மாட்டினேன். ஃபிட்டிங்கும் புதுசு, டியூபும் புதுசு. காற்றைத் திறந்ததும் பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஏன்?

அந்த ஃபிட்டிங் கால் அங்குலமா என்று பாருங்கள். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. புஷ் ஃபிட்டிங் (டியூபைத் தள்ளினாலே கவ்விக்கொள்ளும் இணைப்பு) பிடிப்பது டியூபின் வெளிவிட்டத்தை. அதில் 0.35 மி.மீ. குறைந்தால் ஃபிட்டிங்கின் உள்ளே இருக்கும் பல்லும் சரியாகக் கவ்வாது, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையமும் அடைக்காது. ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டரின் வெள்ளை டியூபும் பெரும்பாலும் கால் அங்குலம்தான். அதை 6 மி.மீ. ஃபிட்டிங்கில் திணிக்காதீர்கள். 5/16 அங்குலம் மட்டும் 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. ஃபிட்டிங்கில் உட்கார்ந்துவிடும். சந்தேகம் வந்தால் வெர்னியர் அளவுகோலை எடுங்கள், கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

அளவு சரியாக இருந்தும் கசிந்தால், கோளாறு வெட்டில் இருக்கும். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் நசுங்கி நீள்வட்டமாகிவிடும். டியூப் கட்டரால் நேராக வெட்டி, அடிவரை தள்ளி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கழற்றிய டியூபின் நுனியில் பல் கீறிய வளையத் தடம் தெரியும். காற்று கசிவது அந்தக் கீறல் வழியாகத்தான். அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

நைலானை எடுத்துவிட்டு அதே 8 மி.மீ. பியூ போட்டேன். சிலிண்டர் மந்தமாகிவிட்டது.

வெளிவிட்டம் ஒன்றுதான், துளை வேறு. 8 மி.மீ. நைலானின் துளை பொதுவாக 6 மி.மீ., பியூவில் 5. காற்று போகும் பரப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிட்டது. நகராத லைனுக்கு நைலானே இருக்கட்டும். சிலிண்டரோடு சேர்ந்து ஆடும் கடைசிப் பகுதிக்கு மட்டும் பியூ போடுங்கள்.

சாயப்பட்டறையில் பியூ டியூப் பிசுபிசுத்து, தொட்டால் விரிசல் விடுகிறது. நைலானுக்கு மாறலாமா?

நீங்கள் வாங்கியது எஸ்டர் வகை பியூவாக இருக்க வாய்ப்பு அதிகம். சூடும் ஈரமும் சேர்ந்தால் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீரே அறுத்துவிடும். ஈதர் வகை அதைத் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், "ஈதர்" என்று சொல்லிக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். எண்ணெய், உராய்வு உள்ள உலர்ந்த இடத்தில் எஸ்டரே நல்லது.

ஏர் லைன் என்றால் நைலான் 12 கூடச் சரிதான். ஆனால் அசிட்டிக், ஃபார்மிக் அமிலம் போகும் டோசிங் லைனில் (ரசாயனத்தை அளந்து செலுத்தும் லைன்) நைலான் வேண்டவே வேண்டாம். அடர் ஃபார்மிக் அமிலம் நைலான் 6-ஐக் கரைத்தே விடும். குளிர்ந்த, நீர்த்த அமிலத்துக்குப் பாலிஎத்திலீன் போதும், விலையும் குறைவு. அடர்த்தியோ சூடோ கூடினால் பிடிஎஃப்ஈ (டெஃப்லான்). டியூபை மட்டும் மாற்றிவிட்டு ஃபிட்டிங்கின் நைட்ரில் ஓ-ரிங்கை மறந்துவிடாதீர்கள். அமிலம் அடுத்துத் தின்பது அதைத்தான்.

கம்ப்ரஸர் வாயிலேயே பியூ மாட்டலாமா? உப்பிக்கொள்கிறது.

கூடாது. டியூபில் 10 பார் அழுத்தம் என்று அச்சிட்டிருப்பது 20 டிகிரி அளவிலான வெப்பத்துக்கு. 60 டிகிரியில் பியூவின் தாங்குதிறன் கிட்டத்தட்டப் பாதிதான். பிஸ்டன் கம்ப்ரஸர் ஹெட்டிலிருந்து வரும் காற்றோ 100 டிகிரியைத் தாண்டும். டேங்க் வரை உலோகக் குழாய் போடுங்கள். அதிர்வுக்காக வளையும் துண்டு தேவைப்பட்டால், ஸ்டீல் பின்னல் போட்ட பிடிஎஃப்ஈ ஹோஸ்.

மெயின் லைனுக்கு யுபிவிசி தண்ணீர்க் குழாய் போடலாமா?

வேண்டாம். அழுத்தக் கணக்கு சரியாக வந்தாலும் வேண்டாம். தண்ணீர் லைன் உடைந்தால் ஒழுகும். அழுந்திய காற்று விரிந்து வெடிக்கும். யுபிவிசி கூரான சில்லுகளாகத் தெறிக்கும். அலுமினியம் அல்லது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போடுங்கள். ஏற்கெனவே யுபிவிசி ஓடிக்கொண்டிருந்தால், ஆட்கள் நடமாடும் பகுதியிலிருந்து மாற்றத் தொடங்குங்கள்.