நீட்டினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறதே – கடிதம்

வணக்கம்.

ஒலிப்பதிவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் ஆம்பியன்ட் இசை (மெட்டையும் தாளத்தையும் முன்னிறுத்தாமல் சூழலாகப் பரவும் இசை) செய்து பார்க்கலாம் என்ற ஆசையே எனக்கு வந்தது. வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளை இறக்கி, கூடவே கிடைத்த இலவச பிளக்இன்களையும் (துணை நிரல்களையும்) போட்டுக்கொண்டு, வீட்டில் கேட்கும் ஒலிகளை ஃபோனில் பதிந்து அதிலுள்ள பால்ஸ்ட்ரெட்ச் என்ற எஃபெக்டில் நாற்பது மடங்கு நீட்டுகிறேன். அதன் மேல் ரிவெர்ப் என்ற எதிரொலி எஃபெக்ட். முதல் தடவை கேட்டபோது மெய்சிலிர்த்தது. இப்போது கண்ணாடி டம்ளரைத் தட்டினாலும் சரி, கதவு கிறீச்சிட்டாலும் சரி, ஆள் பேசினாலும் சரி, கடைசியில் வருவது ஒரே புகைமூட்டம்தான். இலவச மென்பொருளில் இவ்வளவுதான் முடியுமா? காசு கொடுத்து ஒன்று வாங்கிவிடலாமா? நண்பர் ஒருவர் வேறு, "பட்டனை அமுக்கினால் வருவதெல்லாம் இசையா?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. நான் செய்த இருபது நிமிடத் துண்டு ஒன்றை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருபது நிமிடத்தையும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டேன். பணத்தைப் பற்றிய கேள்வியை முதலிலேயே முடித்துவிடுகிறேன்: எதையும் வாங்காதீர்கள். இந்தப் புகைமூட்டம் விலை கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் இப்படியேதான் வரும், ஏனென்றால் அது நீட்டும் முறைக்குள்ளேயே இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் பால்ஸ்ட்ரெட்ச் ஒன்றுபோல ஆக்கிவிடுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. அது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ருமேனியாவைச் சேர்ந்த நாஸ்கா ஆக்டேவியன் பால் என்பவர் எழுதிய நிரல் அது (ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற இலவச சிந்தசைசரும் அவர் எழுதியதுதான்). ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த பலத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. எந்த அலை எந்தக் கணத்தில் எழுந்தது என்ற தகவலை, அதாவது ஃபேஸை, வேண்டுமென்றே தாறுமாறாகக் கலைத்துவிட்டு மறுபடி ஒலியாக்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுகிறது. நூறு மடங்கு நீட்டினாலும் திக்காமல் வழுவழுவென்று ஓடுவது இந்தக் கலைத்தலால்தான். ஆடாசிட்டியில் அந்த எஃபெக்டைத் திறந்தால் இரண்டே எண்கள் கேட்கும். எத்தனை மடங்கு என்பது ஒன்று, டைம் ரெசல்யூஷன் இன்னொன்று. இரண்டாவது 0.25 விநாடி என்று தானாகவே இருக்கும், நீங்கள் அதைத் தொட்டிருக்கமாட்டீர்கள். துண்டின் நீளம் அதுதான். கால் விநாடிக்குள் நடந்ததெல்லாம் அந்தக் கால் விநாடி முழுக்கப் பரவிவிடும், அதைத்தான் நீங்கள் நாற்பது மடங்கு நீட்டுகிறீர்கள். நூறில் ஒரு பங்கு விநாடியில் முடிந்துபோகிற 'டிங்' என்ற அந்த அடி, பத்து விநாடிக்கு மெல்ல எழுந்து மெல்ல அடங்குகிறது. அதைத் தட்டல் என்று காது எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒலி எதிலிருந்து வருகிறது என்று நாம் கண்டுகொள்வது பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்துத்தான். பாரிஸில் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷெஃபர் 1948லேயே இதைச் செய்து பார்த்தார். மணியோசையைப் பதிந்து, அடி விழும் கணத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியை ஓடவிட்டபோது அது மணியாகவே கேட்கவில்லை, ஓபோ என்ற குழல் வாத்தியம் போல ஒலித்தது. அதுவும் டேப் கைக்கு வராத காலம், இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்தார். நீங்கள் டம்ளருக்கும் கதவுக்கும் செய்திருப்பதும் அதேதான், தொடக்கத்தை அழித்திருக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும், எல்லா ஒலிக்கும், தெரியாமலே அழித்திருக்கிறீர்கள்.

அதனால் முதல் மாற்றம், தொடக்கத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நீட்டிய ட்ராக்குக்குக் கீழே இன்னொரு ட்ராக்கில் டம்ளரின் அசல் பதிவை வையுங்கள், ஒரே ஒரு தடவை, நீட்டிய ஒலி காதுக்குப் பழகிப்போய் கவனம் சற்றுத் தளர்ந்திருக்கும் இடத்தில், அதிகச் சத்தமில்லாமல். அதுவரை வெறும் மூட்டமாக இருந்தது சட்டென்று மாறிவிடும், இவ்வளவு நேரம் இந்த டம்ளருக்குள்தான் இருந்தோமா என்று கேட்பவருக்குத் தோன்றும். பால்ஸ்ட்ரெட்ச் சுருதியை மாற்றுவதில்லை, ஆகவே இரண்டும் எங்கே சந்தித்தாலும் அபசுரமாகாது. அந்த அசல் பதிவைப் பாதி வேகத்துக்கு இறக்கி இன்னொரு பிரதி எடுத்துப் பாருங்கள், ஒரு ஸ்தாயி கீழே போகும், நீளம் இரட்டிக்கும், அடி மட்டும் அடியாகவே இருக்கும், இன்னும் கனமாக. ஒரே ஒலியிலிருந்து மூன்று உறவுக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். ஒரு முழுத் துண்டுக்கு இது போதும் என்றே நான் சொல்வேன், உங்களுடையதில் பதினொரு ஒலிகள் இருக்கின்றன.

எதை நீட்டுவது என்பதும் முக்கியம். மின்விசிறியின் இரைச்சலை நீட்டி ஒன்றும் கிடைக்காது, அது ஏற்கெனவே மாறாமல் ஓடிக்கொண்டிருப்பது. டம்ளர் அப்படியில்லை. தட்டியவுடன் எழும் உயர்ந்த அதிர்வுகள் சீக்கிரம் செத்துப்போகும், கீழே இருப்பவை தங்கும். இரண்டு விநாடிக்குள் நடந்து முடியும் இந்த உதிர்தலை நாம் சாதாரணமாகக் கவனிப்பதில்லை, நீட்டும்போது ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது கேட்கிறது. பேச்சும் நல்ல சரக்குதான், ஆனால் நீளமான வாக்கியத்தை முழுசாகக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு உயிரொலி, குரல் மேலிருந்து கீழே வழுக்கும் ஓர் "ஆ" போதும். நாற்பது மடங்கிலும் அந்த வழுக்கல் மிக மெதுவான ஒரு சாய்வாக உயிரோடு இருக்கும். டைம் ரெசல்யூஷனை 0.05க்கு இறக்கியும் பாருங்கள், பத்து விநாடிக்குப் பரவியது இரண்டு விநாடிக்குள் வந்துவிடும், கூடவே கொஞ்சம் கரடுமுரடாகும், கீழ்ச்சுருதிகள் நடுங்கும். எனக்கு அந்த நடுக்கம் பிடிக்கும்.

ரிவெர்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீட்டிய ஒலியின் மேல் ரிவெர்ப் போடாதீர்கள். ரிவெர்ப் என்பது ஒரு ஒலியின் ஆயிரக்கணக்கான எதிரொலிகள் அடர்த்தியாக மோதிக்கொள்வது, அதுவும் நேரத்தை மெழுகும் வேலைதான். மெழுகியதை மறுபடி மெழுகினால் சேறுதான் மிஞ்சும். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெராஸ் 1988ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழைய நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் இறங்கி இன்னும் இரண்டு பேருடன் வாசித்துப் பதிவு செய்தார், அங்கே எதிரொலி அடங்க 45 விநாடி ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஸ்வரத்தை விட்டால் முக்கால் நிமிடம் அது கூடவே நிற்கும், அடுத்ததை எப்போது விடுவது என்று காத்திருந்தே ஆகவேண்டும். நீள ரிவெர்புக்கு உரியது அந்தச் சிக்கனம்தான். அதை நீட்டாத அசல் தட்டலுக்குக் கொடுங்கள். ஒரு விஷயம், ஆடாசிட்டியில் தேர்வு செய்த பகுதி முடியும் இடத்திலேயே ரிவெர்பும் வெட்டுப்பட்டுவிடும், ஆகவே கடைசியில் பத்துப் பதினைந்து விநாடி மௌனம் சேர்த்து, அதையும் தேர்ந்துகொண்டு எஃபெக்டைப் போடுங்கள். ஒலியைத் தலைகீழாக்கி, ரிவெர்ப் போட்டு, மறுபடி தலைகீழாக்கினால் எதிரொலி முதலில் வந்து அடி கடைசியில் விழும். பழைய உத்தி, இன்னும் அலுக்கவில்லை.

அப்புறம் உங்கள் துண்டில் எல்லாமே எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பிரையன் ஈனோ 1978ல் விமான நிலையங்களை மனதில் வைத்துச் செய்த தொகுப்பில், பெண் குரல்கள் பாடிய ஒற்றை ஸ்வரங்களைத் தனித்தனி டேப் லூப்களாக்கினார், அதாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும் டேப் வளையங்களாக்கினார். ஒன்று 23½ விநாடிக்கு ஒருமுறை வரும், இன்னொன்று 25⅞ விநாடிக்கு ஒருமுறை. நீளங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் குரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சந்தித்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஆடாசிட்டி தாராளமாகப் போதும். 17, 19, 23 விநாடி நீளத்துக்கு மூன்று ட்ராக் செய்துகொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து விநாடிக்கு மேல் ஒலி வேண்டாம், மீதி மௌனம். மூன்றையும் ரிப்பீட் கொடுத்து ஓடவிட்டால் முதலில் தொடங்கிய அதே நிலைக்கு அவை திரும்ப 7429 விநாடி, அதாவது 2 மணி 3 நிமிடம் 49 விநாடி ஆகும். அதில் எந்தப் பத்து நிமிடத்தை எடுப்பது என்பதுதான் உங்கள் வேலை. உட்கார்ந்து கேட்டால்தான் அது தெரியும், வேறு குறுக்குவழி கிடையாது.

பதிவின் தரத்துக்கும் வருகிறேன். நீங்கள் கேட்கும் மூட்டத்தில் பாதி அறையின் இரைச்சல். ஃபோனைத் தூரத்தில் வைத்துப் பதிந்திருக்கிறீர்கள், சத்தம் குறைந்தவுடன் ஃபோன் தானாகவே மைக்கை ஏற்றிவிடுகிறது, அந்த 'உஸ்' எல்லாமும் சேர்ந்து நீள்கிறது. டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் டம்ளரின் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சல் கூடாது. சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே பதியுங்கள், எம்பி3ஐ நீட்டினால் அது சுருக்கும்போது தூக்கிப்போட்டதெல்லாம் சலசலப்பாகத் தெரியவரும். ஏற்றுமதி செய்யும் முன்பு மொத்த அளவு 0 டெசிபலைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பன்னிரண்டாம் நிமிடத்தில் கரகரப்பது அதுதான். ஆடாசிட்டிக்குள் 32 பிட் ஃப்ளோட் என்ற வடிவத்தில் இருக்கும்வரை தாண்டியது பத்திரமாக இருக்கும், 16 பிட் கோப்பாக்கும்போது அலையின் மண்டை வெட்டுப்பட்டுவிடும்.

இலவசம் என்பதால் குறைந்தது என்று நினைக்கவே வேண்டாம். மில்லர் பக்கெட் எழுதிய ப்யூர் டேட்டாவும், ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996ல் வெளியிட்டு 2002ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட சூப்பர்கொலைடரும் ஒலியை உருவாக்கும் இலவச நிரல்கள்தான், உலகம் முழுக்க இசைத்துறை ஆய்வுக்கூடங்களிலும் மேடைகளிலும் ஓடுபவை. அவற்றுக்கு இப்போதே போகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பிளக்இன்களையும் ஒரு மாதம் மூடிவையுங்கள்.

நண்பரின் கேள்வி நியாயமானதுதான். நார்வேயைச் சேர்ந்த லெய்ஃப் இங்கே என்ற கலைஞர் 2002ல் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை சுருதி மாறாமல் 24 மணி நேரத்துக்கு நீட்டினார். நீட்டியது கணினிதான், ஆனால் அந்தச் சிம்பொனிதான், ஒரு முழு நாள்தான், வேறெதையும் சேர்க்கப்போவதில்லை என்று முடிவெடுத்தது அவர். பட்டனை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம், எதன் மேல் அமுக்குவது, வந்ததில் எதை எறிவது என்பதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். உங்கள் துண்டில் அந்த ஆள் ஓர் இடத்தில் எனக்குத் தெரிந்தார். ஏழாம் நிமிடத்துக்குப் பிறகு கதவின் கிறீச்சு மட்டும் தனியாக, ரிவெர்ப் இல்லாமல், அரை நிமிடம் போல வருகிறதே, அங்கே நான் ஒலியளவைக் கூட்டினேன். வேறு எங்கும் கூட்டவில்லை.

அந்த அரை நிமிடத்தை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் நீக்கிவிட்டு ஆரம்பியுங்கள். கதவின் அசல் பதிவு இன்னும் ஃபோனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள், அடுத்து அனுப்பும்போது நீட்டாத அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.