"நீயெல்லாம் இந்தியனா?" – வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒன்றிய அரசின் ஒரு திட்டத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குறை சொன்னேன். உடனே என் மச்சான், "நீயெல்லாம் இந்தியனா?" என்று கேட்டுவிட்டார். இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. அரசியல் கருத்தை வைத்து ஒருவர் இந்த நாட்டுக்காரரா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா?
– வாசகர், கரூர்

பதில்: முடியாது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் பிறப்பு, வம்சாவளி, பதிவு என்றுதான் பேசுகிறது. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், எந்தத் திட்டம் பிடிக்கவில்லை என்று கேட்பதில்லை. பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற ஒரு பிரிவு இருக்கிறது, பேச்சில் காட்டும் விசுவாசமின்மையும் அதில் ஒரு காரணம், ஆனால் அங்கேயும் அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசம் என்றுதான் இருக்கிறதே தவிர ஆளுகிற கட்சிக்கு விசுவாசம் என்று இல்லை. பிறப்பால் குடிமகனான உங்களுக்கு அந்தப் பிரிவே பொருந்தாது.

உங்கள் மச்சானிடம் அண்ணாவைப் பற்றிப் பேசுங்கள். 1962இல் மாநிலங்களவைக்குப் போனவர், தன் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். நாட்டின் எல்லையையே மாற்றச் சொல்லும் கோரிக்கை! அதை இந்திய நாடாளுமன்றத்தில், இந்திய உறுப்பினராக நின்றுதான் கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் வந்தபோது அரசுக்கு ஆதரவாக நின்றார். 1963இல் 16ஆவது திருத்தம் வந்தது, தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாயிற்று, தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் அண்ணா முதலமைச்சர். அந்த ஐந்து வருடத்தில் அவருடைய கோரிக்கை மாறியது, நிலைப்பாடு மாறியது, ஆனால் ஒரு நாள்கூட அவர் இந்தியர் இல்லை என்று ஆகவில்லை. ஒரு திட்டத்தைக் குறை சொன்ன உங்களைப் பார்த்து அப்படிக் கேட்க என்ன இருக்கிறது?

கேரளத்தில் 1985இல் நடந்ததையும் சொல்லலாம். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடாமல் இருந்தது அவமதிப்பே இல்லை என்றது.

சரி, மச்சானுக்கு நீங்களே முதலில் போன் செய்யுங்கள். இதையெல்லாம் குழுவில் பதிவாகப் போட்டால் இன்னும் நாலு பேர் சேர்ந்து சண்டை பெரிதாகும்.

கேள்வி: என் தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே வந்தோம். இன்னமும் எங்களைச் 'சிலோன்காரங்க' என்கிறார்கள். அங்கே பிறந்தவருக்கு அங்கே குடியுரிமை ஏன் இல்லாமல் போனது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கரூர் வாசகர் கேட்ட கேள்விக்கு உங்கள் குடும்பத்தின் கதையிலும் பதில் இருக்கிறது, அம்மா. அதனால்தான் இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டேன்.

இலங்கையில் 1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஓட்டு இருந்தது. அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் அதன் தலைவர் தொண்டமான் உள்ளிட்டோர் நாடாளுமன்றம் போனார்கள். மலையகம் எனப்படும் தேயிலைத் தோட்டப் பகுதியின் வேறு பல தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. சுதந்திரம் கிடைத்தது 1948 பிப்ரவரியில், அந்த வருடம் முடிவதற்குள் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அங்கே பிறந்தால் மட்டும் போதாது, அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும், அதையும் நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், பிறந்த பிள்ளைக்கு, அவன் அப்பனுக்கு, யார் பத்திரம் வைத்திருந்தார்கள்? ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் ஓட்டும் போயிற்று.

இதில் இனப் பகைமைக்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பதும் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். இவர்கள் வேறு மாதிரி ஓட்டுப் போட்டிருந்தால் இவ்வளவு அவசரம் இருந்திருக்குமா? எதிர்க்கட்சிக்குப் போட்டவர்களை அடுத்த தேர்தலில் பேசி மனம் மாற்ற வேண்டும், அதுதான் முறை. இங்கே அவர்களை நாட்டுக்காரர்களே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். இலங்கைத் தமிழர் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதி. தொழிலாளர்களை யாரும் கேட்கவில்லை. உங்கள் தாத்தா மாதிரி எத்தனையோ பேர் தலைமன்னாரில் கப்பலேறி வந்தார்கள், ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆன குடும்பங்கள் உண்டு. அங்கே மிஞ்சிய நாடற்றவர்களுக்கு 1986, 1988 சட்டங்களிலும், கடைசியாக 2003 சட்டத்திலும்தான் ஒரு வழி பிறந்தது.

அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'. உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. தாத்தாவின் குடும்ப அட்டை, பாஸ்போர்ட் எதுவும் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், அவர் வந்த கதையை உங்கள் பிள்ளைகளை விட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எங்களுக்கு அனுப்புங்கள்.