மலை மேல் ஓடும் வாய்க்கால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொடுமுடிக்குப் பக்கத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கிற விவசாயி நான். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். போன சித்திரையில் எங்கள் இரண்டு பேரையும் பெரு நாட்டுக்குக் கூட்டிப்போய் மச்சு பிச்சு காட்டினாள். இப்படி ஒரு பழைய இடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனது இதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், காலண்டர் படத்தை நேரில் பார்த்த மாதிரி இருந்ததே தவிர மனசு ஒன்றும் துள்ளவில்லை. வழிகாட்டி சூரியன் கோவில், ராஜா வீடு என்று சொல்லிக்கொண்டே போனார். நான் படிக்கட்டு ஓரத்தில் கல்லில் வெட்டின வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "இவ்வளவு செலவு பண்ணி வந்து தண்ணியையா பாக்கறீங்க?" என்று மகள் சலித்துக்கொண்டாள். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? அப்புறம், விமானத்தில் போய் இறங்கிய குஸ்கோ நகரத்தில் மூச்சு வாங்கிப் படுத்துவிட்ட என் சம்சாரம் மச்சு பிச்சுவில் நன்றாக நடந்தாள். அது எப்படி? நம் பக்கம் ஏறிப் பார்க்க ஏதாவது இருந்தாலும் எழுதுங்கள்.

க., கொடுமுடி அருகே

அன்புள்ள க. அவர்களுக்கு,

மகளிடம் சொல்லுங்கள், அந்த மலையில் பார்க்க வேண்டியதை அப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

காலண்டர் படம் என்கிறீர்களே, அது மச்சு பிச்சுவுக்கே உள்ள தொல்லை. போகும் முன்பே ஆயிரம் தடவை பார்த்தாகிவிட்டது. அதோடு இப்போது நேரம் குறித்த டிக்கெட், ஒருவழிப் பாதை. நின்றால் பின்னால் வருகிறவர் தோளில் இடிப்பார். அங்கே போய் மனசு துள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்கள் குறைவு; செலவழித்த பணம் சொல்ல விடாது.

நீங்கள் நின்ற இடத்துக்கு வருவோம். இன்கா மன்னர் பச்சகூட்டி காலத்தில், 1450 வாக்கில் எழும்பிய ஊர் அது. இரண்டு சிகரங்களுக்கு நடுவே குதிரைச் சேணம் போல ஒரு முதுகு. கீழே செங்குத்தாக இறங்கினால் உருபம்பா ஆறு. ஆற்றுத் தண்ணீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வழியில்லை. மலைச்சரிவில் ஒரு ஊற்று இருந்தது. அதிலிருந்து ஏறத்தாழ 750 மீட்டருக்குக் கல் வாய்க்கால் கட்டி, சீரான வாட்டத்தில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. வாட்டம் கூடினால் தண்ணீர் வழிந்து சரிவை அரிக்கும், குறைந்தால் தேங்கும். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் வந்த தண்ணீர் 16 தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்குகிறது. முதல் தொட்டி ராஜா வீட்டுப் பக்கம். தலைமடை யாருக்கு என்பதில் உலகம் முழுக்க ஒரே வழக்கம்தான் போலிருக்கிறது.

தண்ணீரைக் கொண்டுவந்தது பாதிக் கதை. வருஷத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற மலை அது. வடிகால் இல்லையென்றால் சில மழைக்காலத்திலேயே ஊர் சரிந்து ஆற்றில் விழுந்திருக்கும். படிப்படியாகத் தெரிகிற அந்த வயல் அடுக்கு ஒவ்வொன்றுக்கும் அடியில் பெருங்கல், அதன்மேல் சல்லி, அதன்மேல் மணல், கடைசியில் மேல்மண். மழை உள்ளே இறங்கி அடியில் கசிந்து போய்விடும். கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளரின் குழு இதையெல்லாம் அளந்து பார்த்து, அங்கே நடந்த கட்டுமான வேலையில் 60 சதவீதம் தரைக்கு அடியில் இருக்கிறது என்று கணக்குச் சொன்னது. எல்லாரும் படம் எடுப்பது மீதி 40 சதவீதத்தை.

1911-ல் ஹைரம் பிங்காம் 'கண்டுபிடித்தார்' என்று வழிகாட்டி சொல்லியிருப்பார். அவர் போனபோது அந்த வயல் அடுக்குகளில் உள்ளூர்க் குடும்பங்கள் வெள்ளாமை செய்துகொண்டிருந்தன. வழி காட்டியது அங்கிருந்த ஒரு சிறுவன். 1902-லேயே அகுஸ்தீன் லிசாராகா என்ற விவசாயி ஒரு சுவரில் கரியால் தன் பெயரை எழுதிவைத்திருந்தார். (நம்மூர் மலைக்கோவில் பாறைகளில் பெயர் எழுதும் பையன்களுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்.)

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. கொடுமுடிப் பக்கம் மஞ்சள் வைத்திருக்கிறவர், காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே! 13-ஆம் நூற்றாண்டு வேலை. மச்சு பிச்சுவுக்கு மூத்தது. பவானி ஆறு காவிரியில் சேருவதற்குச் சற்று முன்னால் அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடி அருகே நொய்யல் வரை 90 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் பாதித் தூரம்தான் வரும். மேட்டைச் சுற்றி, வாட்டம் பிடித்து வளைந்து வளைந்து போவதால் இரண்டு மடங்கு ஆகிறது. பாம்பு போன தடத்தில் காலிங்கராயன் வெட்டினார் என்று சொல்வார்கள். பாம்பு போனதோ இல்லையோ, மேடு பள்ளத்தை அங்குலம் அங்குலமாக நடந்து பார்த்த ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். அந்த வாட்டத்தில் தண்ணீர் கட்டிப் பழகிய கண்தான் உங்களைப் பெருவில் படிக்கட்டு ஓரம் நிறுத்தியிருக்கிறது. நம்முடையதுதான் பெரிது என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அங்கே ஊர் காலியாகி வாய்க்கால் காட்சிப்பொருளாகிவிட்டது. இங்கே வாய்க்கால் வேலை செய்துகொண்டிருக்கிறது, நாம் அதில் சாயக் கழிவையும் தோல் கழிவையும் கலந்தோம்.

உங்கள் வீட்டம்மா விஷயம் சுலபம். குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். மச்சு பிச்சு 2,430-தான், நம் தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. அதனால் மேலே ஏறியதாக நினைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கியிருக்கிறீர்கள். அடுத்து யாராவது உங்களைக் கேட்டுவிட்டுக் கிளம்பினால், விமானம் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல் நேராக உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போய் இரண்டு நாள் உடம்பைப் பழக்கச் சொல்லுங்கள்.

நம் பக்கம் ஏற சங்ககிரி மலைக்கோட்டை இருக்கிறது. வாசல் வாசலாகக் கடந்து ஏற வேண்டும். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது அங்கேதான். கோட்டைக்குள் ஒரு படை இருந்து தாக்குப்பிடிக்க வேண்டுமானால் தண்ணீர் மேலேயே இருந்தாக வேண்டும். எங்கே தேக்கினார்கள் என்று நீங்களே தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள். பாறை சுடும், விடிகாலையில் ஏறிவிடுங்கள். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் வேண்டாம், சின்னமலை நினைவு நாள் கூட்டத்தில் அடிவாரம் தாண்டவே மதியமாகிவிடும்.