கேள்வி–பதில்: குற்றவியல் படித்தால் காக்கிதானா?

(நெல்லைச் சீமையில் முப்பது ஆண்டுகள் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.காம். சேர்க்கலாம் என்றிருந்தோம். அவளோ குற்றவியல் பட்டம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். படித்தால் எஸ்.ஐ. ஆகலாமா? வேறு வேலை உண்டா? பெண்பிள்ளைக்குத் தோதான படிப்புதானா?
— ஒரு தந்தை, ஆலங்குளம்

பதில்: அண்ணாச்சி, எஸ்.ஐ. கதையை முதலில் முடித்துவிடுகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் சார்பு ஆய்வாளர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். பி.காம். படித்தவளும் எழுதலாம். தமிழ்த் தகுதித் தேர்வு, பொது அறிவு, கணக்கு, உளவியல், பிறகு ஓட்டம். பெண்களுக்கு உயரம் 159 செ.மீ. வேண்டும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 157. இன்றைக்கே மகளை நிலைப்படியில் சாய்த்து நிறுத்தி அளந்து பாருங்கள். மூன்று வருடம் படித்து முடித்த பிறகு அளந்துவிட்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, எஸ்.ஐ. ஆவதற்கு இந்தப் படிப்பு கட்டாயமில்லை. பிறகு எதற்குத்தான் இது என்று கேட்பீர்கள். என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. திசையன்விளைப் பக்கம் 19 வயதுப் பையன் ஒருவன், தோட்டத்து மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவி எடைக்குப் போட்டுவிட்டான். சிறைக்குப் பதில் பிணைப்பத்திரத்தில் விட்டுத் திருந்த வழி தரும் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று 1958இல் வந்தது ஒன்று உண்டு. ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் நீங்கலாக, 21 வயது நிரம்பாத ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டு வாங்க வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. நான் போனேன், பார்த்தேன், 'குடும்பச் சூழ்நிலை மோசம்' என்று எழுதிக் கொடுத்தேன். நடுவர் 'மோசம்' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'என்ன மோசம்? யார் சொன்னது?' என்று எழுதித் திருப்பிவிட்டார். முகம் சுண்டிப்போனது எனக்கு.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து மறுபடியும் போனேன். தேரி மணல் செருப்புக்குள் ஏறிக் கால் வெந்தது. அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிக்கை தவறிவிடும். அடுக்களை வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கட்டு முடிந்த பிறகுதான் பேச்சு வந்தது. அப்பா பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து ஏழு மாதமாகப் படுக்கை. ரேஷன் கார்டு பலசரக்குக் கடையில் அடமானம். இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'தாய் சொன்னது', 'கடைக்காரர் சொன்னது', 'நானே கண்டது' என்று எழுதினேன். பையன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து வெளியே வந்தான். (அப்புறம் ஒழுங்காக இருந்தானா? பிணைக் காலம் முடிந்ததும் மும்பையில் கடை வேலைக்குப் போனதாகக் கேள்வி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.)

குற்றவியல் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்: ஒருவன் ஏன் செய்தான், அவனை என்ன செய்யலாம், அதை எப்படிச் சாட்சியோடு எழுதுவது. இந்தக் கை இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம், சிறைத் துறையின் சீர்திருத்தப் பணிகள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் என்று பல இடங்கள் உண்டு. ஒன்றை மறைக்க மாட்டேன்: இவற்றில் பல ஒப்பந்த வேலைகள், சம்பளமும் குறைவு. சில பணிகளுக்கு முதுகலை கேட்பார்கள். அறிவிப்பில் கல்வித் தகுதி வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். முதுகலைக்கு வெளியூர் அலைய வேண்டாம்; உங்கள் ஊரிலிருந்து அபிஷேகப்பட்டி எட்டிவிடும் தூரம்தான், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பட்டத்தில் 45 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாங்கிவிட்டால் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் போகலாம். திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி உண்டு.

தோதான படிப்பா என்றீர்கள். அன்று அந்த அடுக்களை வாசல் வரை போக என்னால் முடிந்தது. ஆண் அலுவலராக இருந்திருந்தால் திண்ணையோடு திரும்பியிருப்பார்.

கேள்வி: குற்றவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை கிடைக்குமா?
— ஒரு மாணவர், பேட்டை

பதில்: கடினம், தம்பி. உங்கள் பாடத்திட்டத்தில் தடய அறிவியல் ஒரு தாள். ஆய்வகத்தில் கேட்பது வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ படித்த கையை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய வழக்குகளில் தடய வல்லுநர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும். மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்கள் தேவைப்படுவார்கள்தான், ஆனால் பி.எஸ்சி.காரர்கள்.

கேள்வி: போன வருடம் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் கல்லூரிப் பையன்களுக்குள் அடிதடி. என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு சமாதானமாகப் போய்விட்டோம். காவல் துறையில் சேர இது தடையா?
— பெயர் வேண்டாம், மேலப்பாளையம்

பதில்: எழுதியது எதில் என்பதுதான் கேள்வி. வெறும் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். என்றால் அது வழக்கல்ல. முதல் தகவல் அறிக்கை போட்டு அதில் உன் பெயர் இருந்தால் சங்கடம். நம் மாநிலக் காவல் பணி விதிகளில் ஒரு முள் இருக்கிறது: சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவனையும் வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதுவார்கள். 'விடுதலைதானே ஆகிவிட்டேன்' என்று நியமன ஆணைக்குக் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு.

நிலையத்துக்குத் தனியாகப் போகாதே. அப்பாவையோ ஒரு வழக்கறிஞரையோ கூட்டிக்கொண்டு போய் என்ன பதிவு, என்ன நிலை என்று கேட்டு எழுதி வாங்கு. வழக்கு நிலுவையில் இருந்தால் அதை எப்படி முடிப்பது என்று வழக்கறிஞர் சொல்வார். எப்படி முடிகிறது என்பதில்தான் உன் வேலை இருக்கிறது. அப்போது உனக்கு 18 நிரம்பவில்லை என்றால் நிம்மதியாக இரு; 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சிறுவயதுத் தீர்ப்பைக் காட்டித் தகுதிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. விண்ணப்பத்தில் மட்டும் மறைக்காதே. சரிபார்ப்பில் அகப்பட்டால் அடிதடியை விட்டுவிட்டு மறைத்ததைப் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: பழைய சட்டப் பிரிவுகளைப் படிப்பதா, புதியதா?
— ஒரு மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டையும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த கொலைக்கு இன்றும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302தான். பின் நடந்ததற்கு அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. மோசடி 420இலிருந்து 318க்குப் போய்விட்டது. ஊரில் ஏமாற்றுக்காரனை '318' என்று திட்ட இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

கேள்வி: விடுமுறையில் இந்தத் துறைக்கு எப்படித் தயாராகலாம்?
— ஒரு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன், உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் பத்து நாள் போய் உட்கார், தாயி. குழந்தைகள் வழக்கு, பாலியல் வழக்கு போன்றவை தவிர மற்ற விசாரணையை யாரும் பார்க்கலாம். டவாலி பெயரைக் கூப்பிடுவது, வாய்தா வாங்குவது, சாட்சி வராமல் போவது எல்லாவற்றையும் நோட்டில் எழுது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர்களுக்கு அறிவிப்பு விடும்போது விண்ணப்பி. காலை பத்தரைக்கெல்லாம் உள்ளே இரு, போனை அணைத்துவிடு.