வேலையில் இருப்பவர்களுக்காகப் புதிய எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. படிப்பை முன்மொழிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் மேலாண்மைத் துறையில் ஆசிரியர், முழுநேர எம்.பி.ஏ. ஏற்கெனவே நடக்கிறது, அடுத்து வேலையில் இருப்பவர்களுக்கான படிப்புக்கு முன்மொழிவு எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இதை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதலாவது திரும்பி வந்தது, இரண்டாவது தேறியது. திரும்பி வந்ததில்தான் சொல்ல விஷயம் இருக்கிறது.

முதல் முன்மொழிவு 64 பக்கம். அதில் 40 பக்கம் பாடங்களின் பட்டியல்: எந்தப் பருவத்தில் என்ன பாடம், எது கட்டாயம், எது விருப்பம், எத்தனை கிரெடிட். படிக்கப்போகிறவரைப் பற்றி இருந்தது ஒரே வரி: "குறைந்தது 5 ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர்கள்." கல்விக் குழுக் கூட்டத்தில் கணிதத் துறையைச் சேர்ந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். மேலாண்மை பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நான் பேசி முடிக்கும்வரை தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி: "சரி, இந்த மாணவர் எப்போது தூங்குவார்?"

அவர் போட்ட கணக்கு இதுதான். நாங்கள் எடுத்துக்கொண்டது ஐரோப்பியக் கிரெடிட் முறை. அதில் ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படைப்பு, தேர்வு எல்லாம் அந்த மணிகளுக்குள் அடக்கம். நான் எழுதியிருந்தது 20 மாதங்களில் 90 கிரெடிட். குறைந்தபட்சமாக 25 என்று வைத்தாலும் 2,250 மணி நேரம். 20 மாதம் என்பது ஏறத்தாழ 86 வாரம். வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 26 மணி நேரம் வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி, சனி முழு நாள் வகுப்பு என்றால் வாரத்துக்குச் சராசரியாக 8 மணி நேரம் அங்கே கழியும். மீதி 18 மணி நேரத்தை அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வருகிறவர் எங்கிருந்து எடுப்பார்? பதவியில் இருப்பவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரத்தோடு எழுந்து வீட்டுக்குப் போகிறவர்களும் இல்லை. என்னிடம் பதில் இல்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: பாடப் பட்டியலை மூடி வையுங்கள். முதலில் ஒரு மாணவரின் ஒரு வாரத்தை எழுதுங்கள், ஞாயிறு முதல் சனி வரை, மணிக்கணக்காக. அதில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் படிப்பு. இரண்டாவது முறை நான் அப்படித்தான் தொடங்கினேன். விடுமுறை போக 96 வாரம் என்று வைத்து 60 கிரெடிட்டுக்கு இறக்கினேன். மொத்தம் 1,500 மணி நேரம், வாரத்துக்கு 16-க்குச் சற்றுக் கீழே. அதில் பாதி வகுப்பிலேயே போய்விடும். இதுவும் லேசான சுமை இல்லை, ஆனால் தாங்கக்கூடியது. முதுகலைப் பட்டத்துக்கு அந்த முறையில் 60-தான் கீழ்வரம்பு, அதற்குக் குறைத்தால் பட்டம் என்று சொல்ல முடியாது. நீங்கள் அமெரிக்க முறையில் இருந்தால் கணக்கு வேறு. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேர வகுப்பும் 2 மணி நேர வெளி உழைப்பும் என்று 15 வாரம், ஆக 45 மணி நேரம். எந்த அலகாக இருந்தாலும் கடைசியில் வாரத்துக்கு இத்தனை மணி என்று மாற்றித்தான் பார்க்க வேண்டும். 90-லிருந்து 60-க்கு இறங்கும்போது வெட்டுப்பட்ட பாடங்களின் ஆசிரியர்கள் என்னோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை. அதற்கும் தயாராக இருங்கள்.

அடுத்து குழுவில் நிச்சயம் வரும் கேள்வி: "ஏற்கெனவே எம்.பி.ஏ. இருக்கிறதே, இது என்ன அதன் சனிக்கிழமைப் பதிப்பா?" இதற்கு வரலாறு கொஞ்சம் கைகொடுக்கும். ஹார்வர்டில் எம்.பி.ஏ. தொடங்கியது 1908-இல். சிகாகோ பல்கலைக்கழகம் முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.வைத் தொடங்கியது 1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. ஏற்கெனவே நிர்வாகத்தில் இருப்பவர்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பாமலே படிக்கவைப்பது என்ற ஏற்பாடு அங்கிருந்து வந்தது. பழைய படிப்பைக் குறுக்கிச் செய்த ஒன்றாக இதைப் பார்ப்பது தவறு.

ஆனால் வரலாறு மட்டும் போதாது, வகுப்பறைக்குள் என்ன மாறும் என்று காட்ட வேண்டும். நான் எழுதிக் காட்டியது இது. முழுநேர மாணவருக்கு அனுபவம் குறைவு, அதனால் யாரோ எழுதிய கேஸ் ஸ்டடியை, அதாவது ஒரு நிறுவனத்தில் நடந்ததை விவரிக்கும் பாடக் குறிப்பை, வைத்து அந்த நிறுவனத்துக்குள் நுழைகிறார். நம் மாணவரோ தன் நிறுவனத்தின் சிக்கலைப் பையில் போட்டுக்கொண்டே வருகிறார். சனிக்கிழமை விலை நிர்ணயம் படித்தால் திங்கட்கிழமை அதைத் தன் மேசையில் போட்டுப் பார்த்து, அடுத்த வகுப்பில் எங்கே உடைந்தது என்று சொல்லலாம். ஒப்படைப்புகளை எல்லாம் இந்தச் சுற்றை வைத்துத்தான் அமைத்தோம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. ஒருவர் தன் நிறுவனத்தின் லாப விகிதத்தைப் பலகையில் எழுதி விளக்குகிறார், மூன்றாவது வரிசையில் அதே தொழிலில் போட்டி நிறுவனத்து ஆள் குறிப்பெடுக்கிறார். இது கற்பனை இல்லை, எங்கள் முதல் பேட்ச்சில் நடந்தது. நல்லவேளையாக எழுதியவரே பாதியில் நிறுத்திக்கொண்டார். ரகசியக் காப்பு ஒப்பந்தம், எண்களை மாற்றி எழுதும் முறை, போட்டி நிறுவனத்தார் ஒரே குழுவில் இல்லாதபடி பிரிப்பது, இறுதி ஆய்வறிக்கையை நூலகத்தில் எத்தனை ஆண்டு பூட்டி வைக்கலாம் என்பது, எல்லாவற்றையும் முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். நிறுவனங்களின் சட்டப் பிரிவு கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும்.

தேவை இருக்கிறதா என்று காட்டச் சொல்வார்கள். தயவுசெய்து "இப்படி ஒரு படிப்பு வந்தால் சேர்வீர்களா?" என்று படிவம் அனுப்பாதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் குறி போடுவார்கள், குறி போடக் காசா பணமா? நான் இரண்டாவது முறை மனிதவளத் தலைவர்கள் சிலரை நேரில் பார்த்து இரண்டே கேள்வி கேட்டேன். உங்கள் ஆளுக்கு மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை விடுப்பு தருவீர்களா, அவருடைய சம்பளத்திலும் விடுப்புக் கணக்கிலும் கைவைக்காமல்? கட்டணத்தில் எவ்வளவு உங்கள் பங்கு? முதல் கேள்விக்கே பாதிப் பேர் நெளிந்தார்கள். வெள்ளி, சனி என்றிருந்த கால அட்டவணையைச் சனி, ஞாயிறு என்று மாற்றியதற்குக் காரணம் அந்த நெளிதல்தான்.

கட்டணம் யார் கட்டுகிறார் என்பதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. முன்பெல்லாம் இந்தப் படிப்புகளுக்கு நிறுவனமே பணம் கட்டி அனுப்புவது வழக்கம், இப்போது சொந்தக் காசில் வருகிறவர்களின் பங்கு உலகெங்கும் கூடிவிட்டது. சொந்தக் காசில் வருகிறவர் படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குத் தாவ உதவி எதிர்பார்ப்பார். அனுப்பிய நிறுவனத்துக்கு, கல்லூரி வேலைவாய்ப்பு நேர்காணல் நடத்துகிறது என்ற சொல்லே கசக்கும். இரண்டு வகையினரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் தனிப்பட்ட ஆலோசனை மட்டும், நிறுவனங்களை வரவழைத்து ஆள் எடுப்பது இல்லை என்று எழுதினோம். சரியான முடிவா என்பதில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை.

சேர்க்கை விதிகளில் அனுபவத்தை ஆண்டுகளால் மட்டும் அளக்காதீர்கள். எம்.பி.ஏ.க்களுக்கு அங்கீகாரம் தரும் ஆம்பா அமைப்பு குறைந்தது 3 ஆண்டு அனுபவம் கேட்கிறது, ஆனால் எக்ஸிகியூட்டிவ் வகுப்பில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர்கள். ஒரே வேலையைப் 10 ஆண்டு செய்தவரும், 6 ஆண்டில் ஆட்களையும் பட்ஜெட்டையும் கையாண்டவரும் ஒன்றில்லை. எத்தனை பேர் இவருக்குக் கீழே, எந்த முடிவைத் தானே எடுக்கிறார் என்று விண்ணப்பத்தில் கேளுங்கள். நுழைவுத் தேர்வுக்கு ஜிமேட்டை வைத்துப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஜிமேட்டை நடத்துகிற ஜிமேக் அமைப்பே 2016-இல் அனுபவசாலிகளுக்கென்று எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட் என்ற 90 நிமிடத் தேர்வைக் கொண்டுவந்திருக்கிறது. அதைவிட முக்கியம், வகுப்பு தொடங்கும் முன் கணக்கியலுக்கும் புள்ளியியலுக்கும் ஒரு முன்தயாரிப்பு வாரம். பல கோடியில் ஒப்பந்தம் பேசுகிற மனிதர் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்றதும் பள்ளிக்கூடப் பையன்போல் தலைகுனிவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தை முதல் வாரத்திலேயே கழற்றிவிட வேண்டும்.

பாடங்களின் கற்றல் விளைவுகளை, அதாவது படித்து முடித்தவரால் என்ன செய்ய முடியும் என்பதை, பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "புரிந்துகொள்வார்", "அறிந்திருப்பார்" என்றெல்லாம் எழுதாமல், அளக்கக்கூடிய வினைச்சொற்களாக எழுதுங்கள். வார்ப்புரு உங்கள் கல்லூரியிலேயே இருக்கும்.

ஆசிரியர்கள் விஷயத்தில்தான் பலரும் பூசி மெழுகுகிறார்கள். முன்மொழிவில் 14 பெயர் போடுவது சுலபம். அந்த 14 பேரில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு யார் வருவார்? வார நாளில் அவருடைய வகுப்புச் சுமை குறையுமா, அல்லது இது மேல்சுமையா? ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். என் பட்டியல் 14-லிருந்து 8 ஆனது. அப்புறம், நல்ல ஆராய்ச்சியாளர் எல்லோரும் இந்த வகுப்புக்குப் பொருந்துவதில்லை. எங்களிடம் நிதியியலில் கெட்டிக்கார இளம் ஆசிரியர் ஒருவர் இருந்தார். முதல் நாளே, 12 ஆண்டு ஒரு நிறுவனத்தின் பணத்தைக் கையாளும் கருவூலப் பிரிவில் இருந்த ஒரு மாணவர் "நடைமுறையில் இப்படி யாரும் செய்வதில்லையே" என்று சொல்ல, மனிதர் ஆடிப்போய்விட்டார். மறுபக்கம், தொழில்துறையிலிருந்து அழைத்து வந்தவர்களில் சிலர் தங்கள் வீரக்கதையை மூன்று மணி நேரம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கடைசியில் ஒரு பாடத்துக்கு இருவரைச் சேர்த்துவிட்டோம், செலவு கூடியது. உங்கள் கல்லூரி, வணிகக் கல்லூரிகளை மதிப்பிடும் ஏஏசிஎஸ்பி போன்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருந்தால், வெளியாட்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் அங்கே அளவு உண்டு. வார இறுதிப் படிப்புதானே என்று அவர்கள் விட்டுவிட மாட்டார்கள்.

பட்ஜெட்டில் எல்லோரும் செய்கிற பிழை, 30 பேர் சேர்வார்கள் என்று ஒரே எண்ணை வைத்துக் கணக்குக் காட்டுவது. 30, 20, 12 என்று மூன்று நிலைக்கும் காட்டுங்கள். எத்தனை பேருக்குக் கீழே போனால் அந்த ஆண்டு தொடங்க மாட்டோம் என்பதையும், விண்ணப்பித்தவர்களின் பணம் எப்படித் திரும்பும் என்பதையும் எழுதுங்கள். எங்கள் நிதி அலுவலர் கையெழுத்துப் போட்டது அந்த வரியைப் பார்த்துத்தான் என்று பின்னால் சொன்னார். வார இறுதியில் கட்டடத்தைத் திறந்து வைக்கும் செலவு, நூலக ஊழியர், கணினி உதவிக்கு ஒருவர், இவையெல்லாம் பட்ஜெட்டில் விட்டுப்போகும் இனங்கள். முழுநேர எம்.பி.ஏ.விலிருந்து எத்தனை பேர் இந்தப் பக்கம் தாவுவார்கள் என்பதையும் நீங்களே மதிப்பிட்டு எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் அந்தப் படிப்பின் பொறுப்பாளர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வார், உங்கள் மதிப்பைவிடப் பெரிய எண்ணாக.

கூட்டத்துக்கு முன்பே, எதிர்க்கக்கூடிய ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிடுங்கள். நான் அந்தக் கணிதப் பேராசிரியரிடம் இரண்டாவது வரைவை முதலில் கொண்டுபோனேன். பென்சிலை எடுத்து 16 மணி நேரக் கணக்கைச் சரிபார்த்தார், பயண நேரத்தைச் சேர்க்கவில்லை என்று சொன்னார். சேர்த்தேன்.

இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புதல் கிடைத்தது: குறைந்தது 18 பேர், மூன்றாவது பேட்ச் முடிந்ததும் மறு ஆய்வு. முதல் பேட்ச்சில் 19 பேர் சேர்ந்தார்கள். நான்காவது மாதத்தில் ஒருவருக்கு வெளிநாட்டு மாற்றல் வந்தது, இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. இருவரும் படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டு அடுத்த பேட்ச்சில் தொடரலாமா என்று கேட்டார்கள். 64 பக்கத்திலும் இல்லை, அதற்குப் பிறகு எழுதிய 38 பக்கத்திலும் இல்லை, அப்படி ஒரு விதியே நான் எழுதியிருக்கவில்லை. அதற்காக மட்டும் மறுபடி குழுவுக்குப் போக வேண்டியிருந்தது. உங்கள் வரைவில் இடைநிறுத்தம் என்று ஒரு பத்தி இப்போதே சேர்த்துவிடுங்கள்: எத்தனை மாதம், கட்டிய கட்டணம் என்னாகும், திரும்பி வருகிறவர் எந்தக் குழுவில் உட்காருவார் என்று.