மலைக்கு எடுத்துப் போக எடை குறைந்த மடக்கு முக்காலி எது நல்லது?

ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவு மலை நடை. கூட 60 வயது தாண்டிய அப்பாவும் வருகிறார். பையில் வைக்க ஒரு மடக்கு முக்காலி வேண்டும், அரை கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

அந்த அரை கிலோ கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். அப்பாவை ஷூவோடு நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். முக்காலி வாங்க அந்த எண்தான் முக்கியம். எடை, விலை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது என் மாமனாரிடமிருந்து. நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் இருக்கிறோம். இங்கே மலை என்றால் டிராகன்ஸ்பர்க்தான், பேச்சில் வெறும் 'பெர்க்'. அங்கே இஞ்சிசூதி என்று ஆற்றோரமாக ஒரு முகாம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மிக உயரமான சிகரமான மஃபாடிக்கு (3,450 மீட்டர்) ஏறுகிறவர்கள் பலரும் அங்கிருந்துதான் கிளம்புவார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரு ஈஸ்டர் விடுமுறையில் கூடாரம் போட்டு, ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வரலாம் என்று போனோம். மாமாவுக்கு அப்போது 68.

அவருக்காக ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கியிருந்தேன். 400 கிராம்கூட இல்லை, மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவு. உட்காரும் உயரம் 25 சென்டிமீட்டர். கடையில் நான் உட்கார்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அவரை உட்காரவைத்துப் பார்க்கவில்லை.

காலையில் கேஸ் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்தவர் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு எழப் பார்த்தார். முழங்கால் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டதால் எழுவதற்கு வலு கிடைக்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அந்தப் பக்கம் பாரம் சாய்ந்ததும் ஸ்டூலின் ஒரு கால் ஈரமண்ணில் விரல் நீளம் இறங்கிவிட்டது. "கொஞ்சம் கை குடு, மாப்பிள்ளே" என்றார். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில் இருந்த ஆயாவிடம் (பாட்டியிடம்) கேட்டுப் பழகிய தமிழ் அவருடையது. நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அதற்குப் பிறகு இரண்டு நாளும் அவர் அதில் உட்காரவே இல்லை. பாறையில் சாய்ந்தபடி நின்றே சாப்பிட்டார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

உட்காரும் இடம் முழங்காலைவிட ரொம்பத் தாழ்ந்தால், எழும்போது முழுப் பாரமும் மூட்டில்தான் விழும். இளவட்டங்களுக்குத் தெரியாது, மூட்டு தேய்ந்தவருக்கு அதுதான் எல்லாம். அளந்த எண்ணிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் குறைந்தால் பரவாயில்லை, பாதியாகக் கூடாது. பெரும்பாலான ஆண்களுக்கு 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் சரியாக இருக்கும். மலையேறிகளுக்கென்று விற்கிற அரை கிலோ ரகங்கள் பலவும் 30 சென்டிமீட்டருக்குள்தான் நிற்கும். எடையைக் குறைக்க முதலில் வெட்டுவது காலைத்தான். ஹெலினாக்ஸ் சேர் ஜீரோ என்ற மடக்கு நாற்காலி கிட்டத்தட்ட அரை கிலோதான், சாய்வும் உண்டு, எனக்குப் பிடித்த பொருள்தான். ஆனால் அதுவும் தாழ்வானது, அப்பாவுக்கு வேண்டாம்.

அடுத்தது, கால் எத்தனை? நம் மொழியிலேயே நாற்காலி ஒன்று, முக்காலி ஒன்று. மேடுபள்ளமான இடத்தில் நாலு காலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும், ஆடும். மூன்று கால் எந்தத் தரையிலும் மூன்றுமாக ஊன்றி நிற்கும். ஆனால் உடம்பின் பாரம் அந்த மூன்று கால்களுக்கு நடுவில் இருக்கும்வரைதான் அது நிற்கும். பக்கவாட்டில் எட்டி எதையாவது எடுத்தால் கவிழ்ந்துவிடும். அதனால் ஒரு காலை முன்னால், தொடைகளுக்கு நடுவில் வருகிற மாதிரி வைத்து, இரண்டைப் பின்னால் விட்டு உட்காரச் சொல்லுங்கள். சரிவில் உட்கார்ந்தால் இரண்டு கால் இறக்கத்துப் பக்கம் இருக்கட்டும்.

மாமாவுக்கு அடுத்த தடவை வாங்கியது ஸ்வீடன் வடிவமைப்பான வாக்ஸ்டூல். குழாய்க்குள் குழாயாக நீளும் மூன்று அலுமினியக் கால்கள், 45 சென்டிமீட்டர் உயரம், எடை முக்கால் கிலோ அளவில். ஒவ்வொரு காலையும் 'டக்' என்று பொத்தான் வெளியே வரும்வரை இழுக்க வேண்டும். ஒன்று பாதியில் நின்றால் உட்காரும்போது உள்ளே போய்விடும், அதனால் நான் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவரை உட்காரச் சொல்வேன். கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணல் குழாய்க்குள் புகுந்து இறுகிவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள், உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

கால் மண்ணில் இறங்குவதற்கு மருந்து எளிது. பழைய டென்னிஸ் பந்தில் கத்தியால் கீறல் போட்டு, கால் நுனிகளில் செருகிவிடுங்கள். பாரம் பரவிவிடும். மூன்று பந்தும் சேர்ந்து இருநூறு கிராமுக்குள்தான்.

துணியைப் பார்க்கும்போது மூலைகளைப் பாருங்கள். காலின் நுனி செருகுகிற பைதான் முதலில் கிழியும். அங்கே இரட்டைத் துணியும் குறுக்கே நெருக்கமான தையலும் இருக்க வேண்டும். 120 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் அது மெதுவாக உட்காருகிறவருக்கு. களைத்து வந்து பொத்தென்று உட்கார்ந்தால் அந்த நொடி பாரம் இன்னும் கூடும். ஆளின் எடைக்கு மேலே முப்பது, நாற்பது கிலோ தாங்குகிறதாக வாங்குங்கள்.

உங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நினைத்தால் என் யோசனை, வாங்காதீர்கள். மடக்கு ஃபோம் துண்டு 60 கிராம்தான். ஆயா காலத்து மணைப்பலகை மாதிரி பாறைமேல் போட்டு உட்காரலாம், தரையின் குளிரும் ஏறாது. மிச்சமான எடைக்கு அப்பாவின் முக்காலியைச் சுமக்கலாம்.

வாங்கும் நாளில் அப்பாவையும் கடைக்கு அழைத்துப் போங்கள். மலைக்குப் போடும் அதே ஷூவோடு இருபது நிமிடம் உட்காரட்டும். கையை எங்கும் ஊன்றாமல் எழுகிறாரா என்று பாருங்கள். எழுந்துவிட்டால் அதையே எடுங்கள், 800 கிராம் ஆனாலும் சரி. உங்கள் பைக்குள் திணிக்காமல் வெளியே, கை எட்டுகிற இடத்தில் கட்டுங்கள். அப்பா மூச்சு வாங்கி நிற்கும்போது பையை அவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.